மூன்று பைகளுக்கு ஒரே நம்பர்

அஞ்சுகிராமம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பை தைக்கிற கடை என்னுடையது. பள்ளிக்கூடப் பை, பயணப் பை, பெண்கள் தோளில் மாட்டுகிற பை, எது கிழிந்து வந்தாலும் தைப்பேன். ஜிப் போனால் மாற்றுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பயம் எனக்குப் பிறவிக் குணம். கடையைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறின பிறகு இறங்கி வந்து ஐந்தாவது தடவையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பயத்தில்தான் நோட்டு போட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற ஒரு ஜூன் மாதம், ஒரே நிறத்தில் வந்த இரண்டு பைகளை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு தாய்மாரும் கடை முன்னால் நின்று ஏசினது பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு எந்தப் பை வந்தாலும் முதலில் அதன் அடையாளத்தை எழுதுவேன். என்ன நிறம், எங்கே கிழிசல், எங்கே கறை, உள்ளே நம்பர் ஏதும் இருந்தால் அதுவும். பக்கத்திலேயே கொண்டு வந்தவரின் கையெழுத்து. "ஜிப் மாத்தக் குடுத்தா ஜாதகம்லா எழுதுகா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன வருடம் ஒரு பெண், பிடி பிய்ந்துபோன ஒரு கைப்பையைக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை. விலை உயர்ந்த கம்பெனிப் பை என்றும், பார்த்துத் தைக்க வேண்டும் என்றும் மூன்று தடவை சொன்னாள். எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து வருகிறவர் பெட்டியைத் தனியாகத் திறப்பதில்லை. சொந்தக்காரர் அத்தனை பேரையும் கூட்டி வைத்துத்தான் உடைப்பார். யாருக்கு என்ன வருகிறது என்று ஐம்பது கண் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி உடைத்த பெட்டியிலிருந்து வந்த பை. இரண்டு வருடமாகியும் பூட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் உரிக்கவில்லை.

கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது போலி.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்கு முன்னால் ஒரு நர்சம்மா இதே கம்பெனியின் நிஜப் பையைத் தைக்கத் தந்திருந்தார். வெளிநாட்டில் அவர் பார்த்துக்கொண்ட ஒரு கிழவி கொடுத்ததாம். அது கடையில் இருந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடியின் அடியில் இந்தப் பக்கம் எத்தனை தையலோ அந்தப் பக்கமும் அத்தனை. ஒவ்வொரு தையலும் ஒரே மாதிரி லேசாகச் சாய்ந்திருந்தது. தோலின் ஓரத்தில் பூசிய சாயம் நகத்தால் சுரண்டியும் பெயரவில்லை. துணியில் அச்சடித்த பூ, இரண்டு துண்டு சேருகிற இடத்தில் அறுபடாமல் இதழோடு இதழ் சேர்ந்திருந்தது. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் நான் எழுத்தை வாசிப்பதில்லை. அதன் வடிவத்தைப் பார்க்கிறேன். நிஜப் பையில் கம்பெனிப் பெயரின் வட்டம் உண்மையிலேயே வட்டம்.

இந்தப் பையில் வட்டம் முட்டையாக இருந்தது. ஒரு பக்கம் ஒன்பது தையல், மறுபக்கம் எட்டு. பூ பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஓரச் சாயம் ரப்பர் மாதிரி உரிந்து வந்தது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, நிஜத்திலும் ஒரு தையல் பிசகலாம். நாலும் சேர்ந்தால் சந்தேகமில்லை.

சொல்லவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த தப்பு அதுதான். நோட்டில் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, தைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள் திரும்ப வந்தாள். கூடவே அவளுடைய மைனி, வீட்டுக்காரரின் அக்காள். அந்தம்மா டீச்சர். பையை என் தையல் மிஷின் மேல் போட்டார்.

"ஏட்டி, எனக்க தம்பி வாங்கின பை எங்க?"

"நீங்க இப்ப மிஷின் மேல போட்டதுதான டீச்சர் அது."

"இது டூப்ளிகேட். கல்யாண வீட்டுல அத்தன பேருக்கு முன்னால ஒருத்தி தடவிப் பாத்துச் சொல்லிட்டா. பெட்டியில இருந்து வந்தது ஒரிஜினல். அது வீட்ட விட்டு வேற ஆளு கைக்குப் போனது உனக்க கடைக்கு மட்டும்தான். அப்ப மாத்தினது யாரு?"

போர்டில் கணக்குப் போடுவது மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னார். பக்கத்துப் பழக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. மிஷினுக்குக் கீழே இருந்த நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கல்யாண வீட்டுல எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனி உனக்க கடையில ஒருத்தியும் பை தர மாட்டா. யோக்கியமானவள்னா கோயிலுக்கு வா. சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்தால், நான் எடுத்திருக்கலாம் என்று நானே பாதி ஒத்துக்கொண்ட மாதிரி. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தான். அதற்காகச் செய்யாத ஒன்றுக்கு என் கை ஏன் சுட வேண்டும்?

"திருடினவ சத்தியத்துக்கு வருவாளா?"

"நோட்டு இருக்கும்போ சூடம் எதுக்கு டீச்சர்? எழுதினத வாசிக்கேன், பையில பாருங்க." பக்கத்தைத் திறந்தேன். "உள்பக்கம், வலது மூலையில நீல மை. புளியங்கொட்ட அளவு."

டீச்சர் பையை விரித்தார். கறை இருந்தது. பின்னால் நின்ற அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மைனி, இது நம்ம பிள்ளைக்க பேனா ஒழுகினதுல்லா? நான் சோப்புப் போட்டு உரச்சும் போகல. இது எனக்க பைதான்."

டீச்சர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "அப்ப இது ஒரிஜினலேதான். கல்யாண வீட்டுக்காரிக்குக் கண்ணு தெரியல. இன்னா, உள்ள நம்பர் இருக்கு. ஒரு பைக்கு ஒரு நம்பர்தான். அது உலகத்துல வேற எதுக்கும் இருக்காது."

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். என் சுபாவத்துக்கு நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அடுத்த கல்யாண வீட்டில் இன்னொருத்தி தடவிப் பார்ப்பாள். மறுபடியும் என் கடைக்குத்தான் வந்து நிற்பார்கள்.

"அந்த நம்பர வாசிங்க டீச்சர்."

வாசித்தார். நான் நோட்டைப் பின்னால் புரட்டினேன். இனயம் ஊரிலிருந்து ஒரு அம்மா ஜிப் மாற்றக் கொண்டுவந்த பை: அதே நம்பர். நாகர்கோவில் காலேஜுக்குப் போகிற ஒரு பிள்ளையின் பை: அதே நம்பர். இந்தப் பையோடு சேர்த்து மூன்று பக்கம், மூன்று கையெழுத்து. டீச்சர் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, மூன்று தடவை ஒத்துப் பார்த்தார். விடைத்தாள் திருத்துகிறவர்தானே, நடுவில் எழுதிச் சேர்த்திருக்கிறேனா என்றுகூடப் பார்த்தார். முன்னும் பின்னும் வேறு ஆட்களின் பைகள் வரிசையாக இருந்தன.

"அவ்வோ ஏமாந்துட்டாவளா, இல்ல என்ன ஏமாத்தினாவளா?" என்று அந்தப் பெண் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் கேட்டாள்.

"அது பையில எழுதல மக்கா." வந்த அன்றைக்கே சொல்லாமல் விட்டது என் தப்புத்தான் என்றும் சொன்னேன்.

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "சரி, முடிஞ்சுது."

"முடியல. கல்யாண வீட்டுல யாருக்கிட்ட எல்லாம் என்னப் பத்திச் சொன்னியளோ, அவங்கள்ட்ட நான் மாத்தலன்னு சொல்லணும். இதுல 'பார்த்தேன், அதே பை'ன்னு எழுதிக் கையெழுத்தும் போடணும்."

"போடாட்டா?"

"நோட்டோட உங்க வீட்டுக்கு வருவேன். பெட்டி உடச்ச அன்னைக்கு வந்த எல்லாரையும் கூட்டி வைங்க."

பழக்கடைக்காரர் இருமினார். டீச்சர் தன் பையிலிருந்து பேனா எடுத்தார். சிவப்புப் பேனா. எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து அழகாக இருந்தது. விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்தப் பெண் பின்தங்கினாள். பூட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் கிள்ளி உரித்தாள். தங்க நிறத்தில் பாதி தாளோடு வந்தது. அதை மிஷின் மேல் வைத்துவிட்டு, "இனி பத்திரமா வச்சு எதுக்கு? சந்தைக்குக் காய் வாங்க எடுத்துட்டுப் போறேன்" என்று பையைத் தோளில் மாட்டினாள்.

"கொஞ்சம் நில்லு மக்கா" என்றேன். பிளாஸ்டிக் தாளை உரித்தது அவள்தான், நான் இல்லை என்று எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.