ஆடுகிற எழுத்தில் "காணவில்லை"

1988 தை 16, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால்; மழைத் தூறல். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த என் அச்சகத்துக்குச் சாம்பல்தீவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன் விற்க வந்த கணவன் பதினொரு நாளாக வீடு திரும்பவில்லை. "காணவில்லை" என்று ஐம்பது சுவரொட்டி கேட்டாள்.

கண்ணில் படவேண்டுமே என்று, சினிமா விளம்பரத்துக்கு வைத்திருந்த மர எழுத்தை எடுத்தேன். உப்பிய வயிறும் சாய்ந்த தலையுமாக ஆடுகிற எழுத்து. தலைப்பின் ஐந்து எழுத்தையும் சிவப்பில் அடித்து, நானே அழகு பார்த்தேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள்.

"ஐயா, புதுப் படமோ, எந்தத் தியேட்டர் எண்டு சனம் என்னட்டையே கேக்குது."

"கீழே விபரம் இருக்குத்தானே, பிள்ளை?"

"ஓம், ஆனா அதுக்கு முதலே சிரிச்சிட்டுப் போயினம்."

குடையோடு போய்ப் பார்த்தேன். மீன் சந்தைச் சுவரில், ஒருவன் காணாமற்போனதை என் எழுத்துகள் கூத்தடித்துக் கொண்டாடின. நான் அழகு பார்த்ததும் இவற்றைத்தான். நாற்பத்தேழைக் கிழித்தேன், மூன்று கிடைக்கவில்லை. அன்றே சாதாரணக் கறுப்பு எழுத்தில் ஐம்பது அடித்துக் கொடுத்தேன்.

அவன் வந்தானா என்று தெரியாது. யுத்த காலத்தில் தேடுகிறவளுக்கு நாலு நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதை நான் வீணாக்கினேன். எனக்குச் செலவானது, தாளும் மையும் பசையுமாக, நூற்று எண்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம்.