ரோசம்மா அடிக்காத இரண்டு ஆணி

ரோசம்மா போன சேதியை என்னிடம் கொண்டுவந்தவன் என் கொழுந்தன் மாசிலாமணி. அதனால் உடனே நம்பவில்லை. என் புருஷன் செத்துவிட்டார் என்று பதினைந்து வருஷத்துக்கு முன் வாசலில் நின்று சொன்னவனும் இவன்தான்.

"மெய்யாலுமே அண்ணி. கார்த்தாலதான் உசுரு போச்சு. மாதா கோயில் மணி கேக்கல உனக்கு?"

கேட்டிருந்தேன். மீன் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நடந்தேன்.

ராயபுரத்தில் மாதா கோயிலின் பின்தெருவில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் அவள் கடை இருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். புருஷன் காச நோயில் போன பிறகு ரம்பத்தை அவளே கையிலெடுத்தாள். 'சாமி படத்துக்கு ஒரு பொம்பளை, அதிலும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, சட்டம் போடுவதா' என்று ஆறு மாதம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. போகாதவர்கள் பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று அவர்கள் வீட்டு முருகனும் லட்சுமியும் அவள் போட்ட சட்டத்துக்குள்தான் நிற்கிறார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். ரோசம்மா அப்போதே சொன்னாள்: "கண்ணாடி நேரா கீதான்னுதான் சாமி பாக்கும். ரம்பம் புடிச்ச கையில வளையல் கீதான்னா பாக்கும்?"

என் வீட்டுக்காரர் கப்பலில் கரி அள்ளும் வேலைக்கு ரங்கூன் போனவர். கப்பலேறுவதற்கு முன் ஸ்டூடியோவில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு யுத்தம் வந்து ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதம் நின்றது. கப்பல் கம்பெனியில் கேட்டால், தெரியாது என்றார்கள். ஒன்றரை வருஷம் பார்த்துவிட்டு மாசிலாமணி கருமாதிக்கு நாள் குறித்தான். அண்ணன் இல்லை என்று ஊர் ஒப்புக்கொண்டால் வீடு தன் கைக்கு வரும் என்பது அவன் எண்ணம். நான் கடற்கரைக்குப் போயிருந்த நேரத்தில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துப் போய் ரோசம்மாவிடம் கொடுத்தான். அவன் கேட்டது கறுப்புச் சட்டம், மேலே மாலை மாட்ட இரண்டு ஆணி. நம் பக்கத்தில் அந்த ஆணி இருந்தால் படத்தில் இருப்பவர் இல்லை என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் அதை அடிக்கச் சொல்வதில்லை.

ரோசம்மா படத்தை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு ஆள் அனுப்பினாள். போனேன். மாசிலாமணி அங்கே முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வாமே. உன் வூட்டுக்காரருக்கு மால மாட்ட ஆணி வேணுமா, வேணாமா?"

"அண்ணிய ஏன் கேக்கற? சொன்னது நானு," என்றான் அவன்.

"தாலி உன் கழுத்துலயா தொங்குது நைனா?"

"பொணத்த கொணாந்து காட்டணுமா உனக்கு?"

"கொணா. பாத்துட்டு அடிக்கிறேன்."

கண்ணாடி வாங்க வந்த நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் முகம் இறால் வேகிறாற்போல் சிவந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். "வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.

அவள் கறுப்புக் கட்டையைத் தள்ளி வைத்தாள். சட்டத்தின் மூலைத் துண்டுகளைப் படத்தருகே ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். தங்க முலாம் போட்டது எனக்குப் பிடித்தது. "அது மினுக்கும், ஆளு மங்கிடுவாரு" என்றாள். கடைசியில் இரண்டு விரல் அகலத் தேக்கு. கண்ணாடி படத்தில் படாமல் இருக்க நடுவே தடித்த தாளில் விளிம்பு வெட்டி வைத்தாள். கடல் காற்றுக்கு இரும்பு துருவேறும் என்று பித்தளை ஆணியாலேயே பின்பலகையை அடித்தாள். உடல் இல்லாத கருமாதிக்கு மாலை போடப் படமாவது வேண்டும்; அது என் கையில் இருந்ததால் கருமாதி நின்றது. ஊர் என்னைப் பேசாத பேச்சில்லை. பொட்டை அழிக்காமலே மீன் விற்றேன்.

அவளிடமும் எனக்கு ஒரு கோபம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களோடு அவர் படத்தையும் ஈரத் துணியால் அழுத்தித் துடைப்பேன். தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கி, அடியில் தங்கி, விளிம்புத் தாளும் படமும் ஒட்டிக்கொண்டன. ரோசம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இன்னாமே, படத்தக் குளிப்பாட்டறியா? மனுசன் தண்ணில கெடந்தது போதாதா?"

ஆணி அடிக்க மாட்டேன் என்றவள் வாயிலிருந்தே, அவர் கடலில் மூழ்கிப் போனவர் என்பதுபோல் அது வந்தது. ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் மன்னிப்பும் கேட்கவில்லை. படத்தை மட்டும் சரிசெய்து என் மகளிடம் கொடுத்தனுப்பினாள். ஒட்டியதைப் பிய்க்கவில்லை, பிய்த்தால் வேட்டிக் கரையோடு கால் போய்விடும் என்று அப்படியே விட்டிருந்தாள். கூடவே சொல்லியனுப்பியது: காய்ந்த துணியால் மட்டும் துடை. கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதே. சட்டத்துக்குப் பின்னால் இரண்டு தக்கைத் துண்டு வை, காற்று போகட்டும். மழைக்கு முன் பின்தாளைப் பிரித்துப் பூச்சி பார்.

ரோசம்மாவின் சாவு வீட்டில் நூறு பேர் இருக்கும்போது மாசிலாமணி என் பக்கத்தில் வந்து நின்றான். தலை நரைத்தும் புத்தி மாறவில்லை.

"உன் கூட நின்னவளும் போய்ட்டா. இன்னும் எத்தினி நாளிக்கு அண்ணி? அண்ணனுக்கு ஒரு மாலயப் போட்டுடலாம்."

"எம்மாம் பேரு கீறாங்க, உனக்கு இங்கதான் வாய் தொறக்கணுமா? போய்ப் பொட்டி தூக்கு. அவ உன்னவிட கனமா இருப்பா."

வீட்டுக்கு வந்து படத்தை இறக்கினேன். பின்தாளை நானே பிரித்தேன், தூசி தட்டினேன், புதுத் தாள் ஒட்டினேன். அவர் முகம் தெளிவாகவே இருக்கிறது. ரங்கூனிலிருந்து இனி யாரும் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான். எப்போது சொல்வது என்பதும் என் இஷ்டம். ஊரெல்லாம் முடிவு கட்டிவிட்ட விஷயத்தில், வேணுமா வேணாமா என்று என்னைக் கேட்டவள் ரோசம்மா ஒருத்திதான். அவள் விட்டுப்போன அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் இன்னும் வேணாம்தான்.