போகாத வேலைக்கு வந்த பணம்

யுத்தம் முடிந்ததில் எங்கள் வீட்டில் நஷ்டப்பட்டவர் அப்பாதான். ராணுவத்துக்குக் கூடாரம் தைத்துக் கொடுத்த கம்பெனியில் அவர் குமாஸ்தா. கூடாரம் வேண்டாமென்றானதும் குமாஸ்தாவும் வேண்டாமென்றாகி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை பார்த்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அக்காவுக்கு அப்போதுதான் ஒரு வரன் கூடி வந்திருந்தது. அதனால் விஷயம் நாங்கள் குடியிருந்த பம்பாய் மாட்டுங்காவில் யாருக்கும் தெரியக் கூடாது. அப்பா தினமும் கோட்டை மாட்டிக்கொண்டு டிபன் டப்பாவோடு கிளம்பிப் போய், சாயங்காலம் வழக்கம்போலத் திரும்பி வந்தார். வாயாடி என்று பெயரெடுத்த என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அம்மா தனியாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். ரயில்வேயில் வேலை, கல்யாணமாகவில்லை, யூனியன் கூட்டங்களுக்குப் போய்ப் போய் சட்டம் பேசுவதில் ஏகப் பிரியம்.

“அவாளா அனுப்பினா ஒரு மாசம் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும். இல்லேன்னா அந்த மாசச் சம்பளத்தைக் குடுக்கணும். சர்வீஸுக்குத் தகுந்த மாதிரி தனியா வேற தரணும்னு உங்க கம்பெனி ரூல்லயே இருக்கு. நாம ஒண்ணும் பிச்சை கேக்கலை, அத்திம்பேர்” என்றார் மாமா.

அந்தப் பணமில்லாமல் கல்யாணம் நடக்காது என்று அப்பாவுக்கும் தெரியும். ஒருநாள் இருவரும் லேபர் ஆபீசுக்குப் புறப்பட்டார்கள். டிராமில் போகவேண்டுமென்று அழுது நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவரை முதலில் அடையாளம் கண்டது நான்தான். அக்காவுக்குப் பார்த்திருந்த பிள்ளைக்குச் சித்தப்பா. பெண் பார்க்க வந்த அன்று இரண்டாம் தடவை சொஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

“வாங்கோ, வாங்கோ. என்ன இந்தப் பக்கம்? யாருக்காவது வேலை போயிடுத்தா?” என்று அவர் எழுந்து வந்தார்.

அப்பா சட்டென்று மாமாவைக் காட்டினார். “என் மச்சினனுக்கு” என்றார்.

மாமா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போகாத தன் வேலை போன கதையைச் சொன்னார். “மாமா ரயில்வே...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

“நியாயம் உங்க பக்கம்தான். ஒரு மனு எழுதிண்டு வாங்கோ. அவா தந்துதான் ஆகணும்” என்றார் சித்தப்பா.

நாளைக்கே கொண்டுவருவதாக மாமா சொன்னார். கொண்டுபோகவில்லை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பந்தியில் சித்தப்பா மாமாவைக் கூப்பிட்டு, “என்ன, மனுவே குடுக்கலையே நீங்க?” என்று விசாரித்தார்.

“அதுக்குள்ளே அவாளே குடுத்துட்டா. முழுசா வந்துடுத்து” என்று சொல்லி, மாமா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொன்னார். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா கல்யாணத்துக்காக ரயில்வே கூட்டுறவு சொசைட்டியில் மாமா கடன் வாங்கியிருந்ததும், அது அடையும்வரை தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடாததும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்று எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம். போகாத வேலைக்கே மாமாவுக்கு முழுசாகப் பணம் கொடுத்திருக்கிறார்கள். நிஜமாகவே வேலை போனவர் ஒரு தடவை போய்க் கேட்டால் என்ன என்று, பந்தி முடிந்ததும் அப்பாவிடமே கேட்டேன்.