முள்முருக்கு விமானமும் மருமகனும்

எழுத்து எனக்கு நேராக வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். போன வாரம் இந்தப் பத்திரிகையில் ஒரே விஷயத்தை இரண்டு தரம் எழுதிவிட்டேனாம். சந்தையில் கண்ட ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பொன்னம்மா சுளகு இரவல் வாங்க வந்தாள். நான் அடுப்படியில் நின்றேன். முற்றத்தில் இருந்து மருமகன் செல்வராசா குரல் கொடுத்தார்.

"மாமி, பசை காய்ஞ்சிட்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ!"

"இன்னும் ஈரம் கிடக்குது தம்பி. தொடாதேங்கோ."

பொன்னம்மா சுளகை மறந்துபோய் நின்றாள்.

"என்னடி உது? மருமோனோடை நேருக்கு நேர் கதைக்கிறாய்?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

மாசி மாதம் தொடக்கம். ஆனால் அதை வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியுமா? அவளுக்குச் சுளகைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் மயிலிட்டியில் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடிந்தால் மருமகன் வந்து எங்களோடு இருப்பார். ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே சோற்றுப் பானை. ஆனால் மாமியாரும் மருமகனும் கதைப்பதில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வேன். மகள் அவரிடம் சொல்வாள். அவர் சொல்வதும் அதே வழியால் திரும்பி வரும். என்னைப் போலக் கூச்சக்காரிக்கு இது வசதியான ஏற்பாடுதான்.

மகள் கோபித்துக்கொண்டால்? அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

செல்வராசா கொழும்புத்துறைக்காரர். எங்கள் ஊர் ஆட்கள் அவரை 'முழங்கால் தண்ணிக்காரன்' என்று பகிடி பண்ணுவார்கள் — அங்கே களப்புக் கடல், ஆழமில்லை, அதனால். தொழில் தச்சு. உலக யுத்த காலத்தில் பலாலி விமான வெளியில் வேலை செய்தார். அங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கை நீள விமானம் செய்து பறக்கவிடுவார்களாம். இவர் சட்டம் சீவிக் கொடுப்பார். யுத்தம் முடிந்தது. அவர்கள் போனார்கள். இவருடைய வேலையும் போனது. மிச்சம், ஒரு டின் நிறைய இறப்பர் நாடாவும் மண்டைக்குள் ஒரு விமானமும்.

ஒன்றரை வருடம் கூலிக்குக் கதிரை திருத்தினார். பிறகு பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவேலை படிப்பிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அங்கே பெரிய வாத்தியார் சொன்னாராம்: "மேசை கதிரை செய்யிற ஆக்கள் எனக்குக் கனபேர் தெரியும். நீர் விமானம் செய்வன் எண்டு சொல்லுறீர். பறக்கவிட்டுக் காட்டும், பாப்பம்."

பறந்தால் வேலை. பறக்காவிட்டால் கொழும்புக்கு ரயில் ஏறுவது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். என் மகள் இராசமணிக்கு வயிற்றில் பிள்ளை. இப்போது புரிகிறதா, அந்த விமானத்தை நான் ஏன் அப்படிக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன் என்று?

வேலியில் நின்ற முள்முருக்கை வெட்டிக் காயவைத்துச் சீவினார். அந்த மரம் காய்ந்தால் பஞ்சு மாதிரி. செட்டைக்கு, அதாவது இறக்கைக்கு, மூங்கில் ஈர்க்கு. இது படிக்கிறவர்களுக்கான விமானமாம். செட்டை உடம்புக்கு மேலே இருக்கும்; இரண்டு நுனியும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். சரிந்தால் தானே நிமிருமாம். உடம்புக்குள்ளே மூக்கில் இருந்து வால்வரை இறப்பர். அதை முறுக்கி விட்டால் மூக்கில் உள்ள காற்றாடி சுற்றி இழுத்துக்கொண்டு போகும்.

"வெளியூரிலை இப்ப ரேடியோவாலை ஓட்டப் பாக்கினமாம். கீழை நிண்டு பெட்டியைத் தட்ட, மேலை அது திரும்புமாம்" என்று இராசமணியிடம் சொன்னார்.

"விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. உவருக்கு ரேடியோ" என்றாள் அவள்.

எங்கள் விமானத்துக்கு ரேடியோ இல்லை. வால் துடுப்பைக் கொஞ்சம் வளைத்து வைப்பார். அது வட்டமடித்துத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அதன் பாடு.

சண்டை வந்தது செட்டையில்தான். கடதாசி ஒட்டினார், கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்துவிட்டது. பட்டு என்றால் தாங்குமாம். வீட்டில் பட்டு எங்கே இருக்கிறது? இராசமணியின் பெட்டியில். தலைத் தீபாவளிக்கு எடுத்த சீலையில் முந்தானைப் பக்கம் ஒரு முழம் வெட்டிவிட்டார். கேட்காமல்! அதற்கு மேலே அரக்குப் பொலிஷ் பூசிக் காயவைத்தார். செட்டை மேளம் மாதிரி இறுகியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மகள் அதைப் பார்த்த பார்வை...

"இது என்ரை வீடு. உங்கடை விமானத்தையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

மற்ற ஊர்ப் பெண்கள் கோபம் வந்தால் தாய் வீட்டுக்குப் போவார்கள். இவள் இருப்பதே தாய் வீடு. எங்கே போவாள்?

தந்திக் கம்பி அறுந்த மாதிரி ஆகிவிட்டது வீடு. மருமகனுக்குச் சோறு ஆறுகிறது என்று யார் சொல்வது? நான் ஆட்டைப் பார்த்துச் சொன்னேன். "ஆடே, குழம்பு இறக்கி எவ்வளவு நேரம். சாப்பிடுற ஆக்கள் சாப்பிடலாம்." அவர் கோழியைப் பார்த்து, "வாறன் எண்டு சொல்லு" என்றார். இராசமணி சிரிப்பை அடக்கியதை நான் கண்டேன். ஆனாலும் இறங்கி வரவில்லை.

இதற்கு நடுவில்தான் முதல் ஓட்டம். தை மாதம். எங்கள் ஊரில் தை என்றால் பட்டம். வாடைக் காற்று கடலில் இருந்து ஏறி அடிக்கும். ஆள் உயரப் பட்டங்கள் விண் என்கிற நார் வில்லைப் பூட்டி, இராவிரவாகக் கூவும். பட்டத்துக்குப் பேர்போனவர் கந்தப்பு அண்ணை. அவர் விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, பின்னுக்குப் பாரம் காணாது. வாலிலை ஏதும் கட்டு. இல்லாட்டிக் குத்துக்கரணம் அடிக்கும்."

"இல்லை அண்ணை, இது..." என்றார் செல்வராசா.

"முழங்கால் தண்ணியிலை நிண்டனீ, உனக்குக் காத்தைப் பற்றி என்ன தெரியும்? கட்டு, கட்டு. நல்ல காத்து வரட்டும், பிறகு விடு."

மருமகன் மரியாதைக்காரர். வந்த ஊரில் மூத்தவர்களோடு வாதாடமாட்டார். வாலில் ஈரமண் உருட்டி ஒட்டினார். நல்ல காற்றும் வந்தது. விட்டார். விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கிக் குதிரை மாதிரி எழும்பி நின்றது. அப்படியே பின்பக்கமாகப் போய், காய்ந்துகொண்டிருந்த வலையில் விழுந்தது.

"நல்ல மீன் பட்டிருக்கு!" என்று ஒருவன் கத்தினான்.

"விண் பூட்டேல்லை, அதுதான்" என்றார் கந்தப்பு அண்ணை.

எனக்கு அவரில் கோபமில்லை. அவர் சொன்னது பட்டத்துக்குச் சரி. பட்டத்துக்கு வாலில் பாரம். இதற்கு மூக்கில் பாரம். பட்டத்துக்குக் காற்று எழும்ப வேண்டும். இதற்குக் காற்று விழ வேண்டும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். முழுக்கத் தெரியாத வேலைக்குப் பயந்து ஒதுங்கி நிற்போம். தெரிந்த வேலைக்குப் பக்கத்து வேலை என்றால்... உடனே புத்தி சொல்லத் தொடங்கிவிடுவோம்.

உடைந்த செட்டையை அவர் திரும்பச் செய்தார். செட்டைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்ப்பார். வால் கீழே போகும். மூக்கில் மண் வைப்பார். மண் காய்ந்து உதிரும். மாட்டுக் கொட்டிலில் நின்று இதையெல்லாம் பார்த்த நான், என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய வலையில் இருந்து ஓர் ஈயக் குண்டைக் கழற்றி, அவர் இருக்கும் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். ஒரு வார்த்தை இல்லை. பின்னேரம் பார்த்தால் அது மூக்குக்குள் இருந்தது. அவரும் ஒரு வார்த்தை இல்லை.

மாசி பிறந்து வாடை விழுந்தது. ஒரு ஞாயிறு விடியக் காற்று அசையும் முன்னே பெரிய வாத்தியாரை வரச் சொல்லியிருந்தார். இடம், வைரவர் கோயில் வெளி. வாத்தியார் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பனையோலை மெல்ல அசையத் தொடங்கியது. ஊரில் பாதி அங்கே நின்றது.

இறப்பர் முறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வால் பக்கம் விமானத்தை இறுக்கிப் பிடிக்க, மற்றவர் மூக்கின் வழியாக இறப்பரை வெளியே இழுத்துத் துளை போடும் துறப்பணத்தால் முறுக்கிக்கொண்டு கிட்ட வர வேண்டும். சண்டைக்கு முன் வீட்டில் முறுக்கிப் பார்க்கும்போது இராசமணி பிடிப்பாள். அன்றைக்கு அவள் வேலியோரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பிடிக்கிறன்" என்று கந்தப்பு அண்ணை வந்தார். செல்வராசா பயந்துபோய் விமானத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் கண் கூட்டத்தைச் சுற்றி வந்து என்னிடம் நின்றது. என்னிடம் வந்ததும் நிலத்தைப் பார்த்தது.

ஒரு நல்ல காரியத்துக்கு விதவை முன்னால் நிற்பதா? அதுவும் அத்தனை ஆண்களுக்கு நடுவில்? எனக்குக் கால் கூசியது. ஆனால் கொழும்பு ரயில் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. போய்ப் பிடித்தேன். முகத்தைக் குனிந்துகொண்டேன்.

முறுக்க முறுக்க இறப்பர் உயிருள்ள சாமான் மாதிரி என் கைக்குள் துடித்தது. முடிந்ததும் அவர் காற்றாடியைப் பொருத்தினார். விமானத்தை என் கையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார்.

"விடும் காணும், நேரம் போகுது" என்றார் வாத்தியார்.

அப்போதுதான் கண்டேன். வால் பக்கம் இறப்பரைத் தாங்கும் மூங்கில் ஆணி ஒரு பக்கத்தால் கழன்று, நூலிழையில் நின்றது. அது வழுகினால் அந்த முறுக்கு முழுவதும் விமானத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும்.

மகளைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்க்கிறாள். ஆட்டைத் தேடினேன் — சிரிக்காதீர்கள், உண்மையாகவே தேடினேன். ஓர் ஆடுகூட இல்லை.

"தம்பி! விடாதேங்கோ!"

என் குரலா அது? கூட்டம் திரும்பியது. வாத்தியார் திரும்பினார். இராசமணி திரும்பினாள்.

"ஆணி கழருது. கீழை இறக்குங்கோ."

அவர் இறக்கினார். நான் இடுப்பில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து, அதன் பிடியால் ஆணியை மெல்லத் தட்டினேன்.

"மாமி, கை கவனம்! வெட்டிப்போடும்" என்றார். அவர் என்னோடு கதைத்த முதல் கதை அதுதான்.

ஆணி இறங்கியது. பனையோலை அசைவு நிற்கும்வரை காத்திருந்தார். "இப்ப விடுங்கோ" என்றேன். ஒருதரம் வாய் திறந்தால் பிறகு கஷ்டமில்லை.

விட்டார். அது எழும்பிக் குதிக்கவில்லை. படியேறுகிற மாதிரி, ஆறுதலாக ஏறியது. பனைக்கு மேலே போய் இடப்பக்கம் சரிந்து வட்டமடித்தது. இறப்பர் முறுக்குத் தீர்ந்ததும் சத்தம் நின்றது. சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இறங்கி வந்து, இராசமணி நின்ற கிளுவை வேலியில் செருகிக்கொண்டது.

"ஐயோ, என்ரை சீலை!" என்று அவள் ஓடினாள்.

"தைக்கலாமப்பா. பதறாதையும். மெல்லமா எடும், முள்ளு" என்று இவர் பின்னால் ஓடினார்.

இரண்டு பேரும் வேலிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ கதைத்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. பிறகு நானாகக் கேட்கவும் இல்லை.

"விண் இல்லாமலும் பறக்குது!" என்றார் கந்தப்பு அண்ணை.

வாத்தியார் காரில் ஏறும்போது சொன்னார்: "திங்கட்கிழமை வாரும். அந்தப் பொலிஷ் பட்ட வேட்டியை மாத்திக்கொண்டு வாரும்."

இவ்வளவுதான். இப்போது அவர் தினமும் பட்டணத்துக்கு சைக்கிளில் போய் வருகிறார். வெள்ளிக்கிழமை காயாமல் கிடந்த பசை, வகுப்புக்குச் செய்கிற விமானத்தின் பசை. இந்த முறை கடைப் பட்டு. இராசமணி பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

ஒன்று மட்டும் சந்தேகம். விமானம் பனைக்கு மேலே எத்தனை வட்டம் அடித்தது? நான் கண்டது இரண்டு. மருமகன் மூன்று என்கிறார். கந்தப்பு அண்ணை நாலு என்று ஊருக்குச் சொல்லித் திரிகிறார். அன்றைக்கு வைரவர் கோயில் வெளியில் நின்ற யாராவது இதை வாசித்தால், சரி பிழை பார்த்துச் சொல்லிவிடுங்கள். மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கத் தொடங்கினால் இதுதான் வில்லங்கம் — நேருக்கு நேர் சண்டையும் பிடிக்க வேண்டியிருக்கிறது.