சத்தம் அடைக்கும் தாஜுதீன்

மந்தாரக்குப்பத்தில் தாஜுதீனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் தைத்த சீட்டில் உட்காராதவர்கள் இருக்க முடியாது. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களுக்கும் ஜீப்புகளுக்கும் பதினைந்து வருஷம் சீட் தைத்த கை அது. விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் ராத்திரி ஷிப்டு முடிந்து திரும்புகிறவர்களும் அவர் அடைத்த தேங்காய் நாரின் மேல்தான் தூங்கி வழிந்தார்கள். இருந்தும் அவரை யாரும் சீட் தைக்கிற பாய் என்று சொல்வதில்லை. சத்தம் அடைக்கிற பாய் என்றால்தான் தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. ஒரு டாக்டரின் அம்பாஸடர் காருக்குத் தரைவிரிப்பு மாற்றும்போது, அடியில் ஏதாவது கிடக்கட்டும் என்று பழைய கம்பளித் துண்டுகளைப் பரப்பி மேலே விரித்துத் தைத்துவிட்டார். மறுநாள் டாக்டர் வந்து, என் கார் பாதி வாயை மூடிக்கொண்டது, மீதியையும் மூட முடியுமா என்று கேட்டார். தாஜுதீன் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவுதான், பித்து பிடித்துவிட்டது.

காரணம் இருக்கிறது. நெய்வேலியில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்றை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. மண்ணைத் தோண்டும் ராட்சச மெஷின்கள் ராப்பகலாக ஓடும். அந்த மண்ணைச் சுமந்து போகும் பெல்ட் மைல் கணக்கில் முனகிக்கொண்டே இருக்கும். அது நிற்கிறதோ என்று நினைக்கும்போது ஷிப்டு மாறுகிற சங்கு ஊதும். விருத்தாசலத்திலிருந்து பிழைக்க வந்த நாள் முதல் அந்த முனகலுக்குள்ளேயே சாப்பிட்டு, தூங்கி, ஒரு மகளையும் பெற்று வளர்த்தவர் தாஜுதீன். கம்பளி பரப்பிய அந்தக் காருக்குள் உட்கார்ந்தபோது முனகல் தூரப் போய், தன் மூச்சு தனக்கே கேட்டது. நாற்பது வயதில் ஒரு மனுஷனுக்கு அவன் மூச்சை அறிமுகம் செய்துவைத்தால் அவன் சும்மா இருப்பானா?

அதன் பிறகு வேலை வளர்ந்தது. காரின் உள் சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டு, தரைத் தகட்டிலும் கதவுகளின் உட்புறத்திலும் காய்ச்சிய தாரைக் கனமாகப் பூசுவார். தகடு அதிர்ந்தால்தானே சத்தம், அதற்கு முதலில் உடம்பில் கனம் ஏற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. தார் ஆறியதும் கம்பளி, அதன் மேல் சாக்கு, அதன் மேல் விரிப்பு. கூரைக்கு மட்டும் பஞ்சு போன்ற மெல்லிய கம்பளியை சொல்யூஷன் தடவி ஒட்டுவார். அந்த சொல்யூஷன் வாடையில் தலை லேசாகக் கிறுகிறுக்கும். கடை வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சாமரம் போன்ற பூக்களைக் கார் மேல் உதிர்த்துக்கொண்டிருக்க, தாஜுதீன் உள்ளே மல்லாந்து படுத்துக் கூரையைத் தடவிக்கொண்டிருப்பார். வேலை செய்கிறாரா கனவு காண்கிறாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. மனைவி ஜான் பீவியை முன் சீட்டில் உட்காரவைத்துக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, இவர் காருக்குப் பின்னால் போய் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவள் திரும்பினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. திரும்பாவிட்டால் வேலை முடிந்தது.

"உங்க சத்தம் கேக்காம இருக்கறதுக்கு எனக்கு இருவத்தஞ்சு வருச பழக்கம்," என்பாள் ஜான் பீவி. "என்ன வெச்சிக்கினு சோதன பண்ணா எல்லா காரும் பாஸுதான்."

எண்பத்து நாலாம் வருஷம் கோடையில் மருதாசலம் என்ற சுரங்கத்து இன்ஜினீயர் தன் அம்பாஸடரைக் கொண்டுவந்து விட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"பாய், நாள் பூரா அந்த மெஷின் காதுக்குள்ளயே ஓடுதுங்க. குவார்ட்டர்ஸுக்குப் போற அந்தக் கா மணி நேரமாச்சும் ஒண்ணும் கேக்கப்படாது. என்ன வேணுமோ செய்யுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

தாஜுதீன் அந்தக் காருக்குள் ஒரு வாரம் குடியிருந்தார் என்றே சொல்ல வேண்டும். அதே வாரத்தில்தான் மகள் கமர் நிஷா சேத்தியாத்தோப்பிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

கமர் நிஷாவைப் பற்றிச் சொல்லாமல் தாஜுதீனைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. அவளுடைய கணவன் மொய்னுதீன் எலக்ட்ரிக் வேலை செய்தவன். கல்யாணமாகி எட்டாவது மாதம் சவூதிக்குப் போனான். போக அவனுக்கு மனசில்லை. விசாவுக்கு ஆளைப் பிடித்துக் கொடுத்ததும், "ரெண்டே வருசம் கண்ண மூடிக்கினு இருந்துட்டு வா மாப்ள" என்று தோளைத் தட்டி பஸ் ஏற்றியதும் தாஜுதீன்தான். இரண்டு வருஷம் நாலாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், போடவா என்று கேட்டு மொய்னுதீனிடமிருந்து கேசட் வந்திருந்தது.

அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் கேசட்டில்தான். ஊருக்கு வருகிறவர் போகிறவர் கையில் கேசட் வரும், போகும். மொய்னுதீனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கடிதம் போட்டால் அவனுடைய அறையில் இருக்கும் யாராவதுதான் படித்துக் காட்ட வேண்டும். கேசட் என்றால் காதில் மாட்டிக்கொண்டு அவனே கேட்டுக்கொள்வான். ஆனால் சேத்தியாத்தோப்பு வீட்டில் அது கூடத்தில் வைத்து ஓடும், தெருவே வந்து உட்கார்ந்து கேட்கும். பதில் பேசுவதும் அப்படித்தான். மாமியார் பேசி, கொழுந்தன் பேசி, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு பாட்டும் பாடிய பிறகு, நீயும் ரெண்டு வார்த்தை பேசு என்று இவள் பக்கம் தள்ளுவார்கள். "நல்லா இருக்கேன். உடம்ப பாத்துக்குங்க." நாலு வருஷமாக அந்த இரண்டு வாக்கியம்தான். இந்த முறை மாடி கட்டி முடிக்க வேண்டும், கையெழுத்துப் போடு என்று எல்லோரும் பேசிய பிறகும் அவள் அதே இரண்டு வாக்கியத்தைத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"அத்தா, இதுக்குள்ள பேசினா வெளிய கேக்காதா?"

"கேக்காது."

"யாருக்குமே?"

"நான் அடச்சா கேக்காதும்மா."

"நாளைக்கு எங்க தெருக்காரர் ஒருத்தர் சவூதி போறாரு. அவர்கிட்ட ஒரு கேசட் தனியா குடுக்கணும். உங்க மாப்ள கையெழுத்து போடக்கூடாது அத்தா. வந்துடணும். அத யாரு முன்னாடியும் சொல்ல வாய் வரல."

தாஜுதீன் வீட்டுக்குள் போய், மாப்பிள்ளை அனுப்பியிருந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை எடுத்து வந்து, புது கேசட்டைப் போட்டு, முன் சீட்டில் உட்கார்ந்த மகளின் மடியில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்தினார். கடைக்குள் வந்து தையல் மெஷினை நிறுத்தினார். ஜான் பீவி ஏதோ கேட்க வந்தபோது கையைக் காட்டி அவளையும் நிறுத்தினார்.

மரத்தடி நிழலில் கார் அசையாமல் நின்றது. பின் கண்ணாடி வழியாக மகளின் முக்காடு போட்ட தலை தெரிந்தது. பெல்ட் முனகிக்கொண்டிருந்தது, வெயில் முனகுவது போலவே இருந்தது. சொல்யூஷன் வாடை இன்னும் மூக்கில் நின்றதால் எல்லாமே ஒரு சாண் உயரத்தில் மிதப்பதாகத் தோன்றியது. இப்போது அவள் நாலு வருஷப் பேச்சையும் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அதில் தன்னைப் பற்றியும் இருக்கும். எங்க அத்தாதான் உங்கள அனுப்பிட்டாரு என்று சொல்லாமலா இருப்பாள்? அதைக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, கேட்காமல் செத்துப்போக வேண்டும் போலவும் இருந்தது.

மெதுவாக எழுந்து காரின் பின்பக்கம் போனார். எதற்குப் போனார் என்று கேட்டால், சோதனை பாக்கி இருந்தது என்றுதான் சொல்வார்.

"கமரு," என்று கூப்பிட்டார்.

தலை திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் முன்னே வந்து, பின் கதவருகில் நின்று, "கமரு, அத்தா கூப்பிடறேன்" என்றார். அசைவே இல்லை. தன் வாழ்நாளில் அதைப்போல் ஒரு காரை அவர் அடைத்ததில்லை. கேட்காது என்று உறுதியான பிறகு மனுஷனுக்கு எங்கிருந்துதான் தைரியம் வருமோ.

"தப்பு பண்ணிட்டேம்மா," என்றார். "அவன் போகமாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் தள்ளி வுட்டேன். எம் பொண்ணு மாடி வூட்டுல இருக்கணும்னு எனக்குத்தான் ஆச. நீ வூட்டுக்கு வந்துட்டு போற ஒவ்வொரு வாட்டியும் ஒம் மொகத்த பாக்க முடியல." கூரைமேல் கிடந்த ஒரு பூவை எடுத்துப் போட்டார். பிறகு, சவூதி அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதுபோல் குனிந்து, "மாப்ள, நீ வந்துடுப்பா. எவன் என்ன சொன்னாலும் கையெழுத்து போடாத. இங்க வந்து எங்கூட தார் பூசினாலும் பரவால்ல. வந்துடு" என்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கமர் நிஷா இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பேசிட்டியாம்மா?"

"ஆச்சுத்தா."

சாயங்காலம் மருதாசலம் வந்து காரை எடுத்துப் போனார். திங்கட்கிழமை ஆள் அனுப்பி, நேற்று வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், வீட்டில் பயந்துவிட்டார்கள் என்று சொல்லச் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் தாஜுதீன் அதைப் பத்து பேரிடம் சொல்லியிருப்பார். இப்போது மாதக் கடைசி எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசி வந்து போனது. சவூதியிலிருந்து கேசட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கையெழுத்துப் போட்டிருப்பான் என்று ஜான் பீவி சொன்னாள். இவர் அடுத்த காருக்குத் தார் காய்ச்சினார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் பெட்டியோடு நனைந்துகொண்டே மொய்னுதீன் கடைக்கு வந்தான். பின்னால் கமர் நிஷா. முதல்நாள் ராத்திரிதான் ஊருக்கு வந்து சேர்ந்தானாம். கையெழுத்துப் போடவில்லை, ஆனால் முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்க இத்தனை மாதம் இழுத்துவிட்டான் என்றான். தாஜுதீன் அவனைக் கட்டிக்கொண்டார். அவன் மேலிருந்த மழை முழுக்க இவர் சட்டைக்கு வந்தது.

"மாமா, ஒங்க கேசட்டு கெடச்சிது," என்றான்.

"எங்க கேசட்டா? அது கமரு பேசினதில்ல?"

மொய்னுதீன் சிரித்தான். அதிகம் பேசத் தெரியாதவன். டூ-இன்-ஒன்னை எடுத்து மேஜைமேல் வைத்து, கேசட்டைப் போட்டு அழுத்தினான்.

ஒன்றும் கேட்கவில்லை. வெளியே மழை விழுந்தது, பெல்ட் முனகியது, கேசட்டுக்குள் மட்டும் ஒன்றுமே இல்லை. ஒரு வளையல் அசைந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். மறுபடி ஒன்றுமில்லை. ஒரு மூக்குறிஞ்சல். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தாஜுதீன் மகளைப் பார்த்தார்.

"பேச்சு வரலத்தா," என்றாள் அவள். "எல்லாரும் இருக்கும்போது நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டேன். யாரும் இல்லன்னதும் அழுகதான் வந்துது. அப்படியே குடுத்து அனுப்பிட்டேன்."

அப்போது கேசட்டுக்குள் ஒரு காக்கை கரைந்தது. தாஜுதீனுக்குச் சுருக்கென்றது. அவர் அடைத்த காருக்குள் காக்கை எப்படி வந்தது? கூரையா, கதவா, எங்கே விட்டோம் என்று யோசிப்பதற்குள், தூரத்தில் ஒரு குரல் கமரு என்றது. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில், கமரு, அத்தா கூப்பிடறேன் என்றது. அந்தக் குரல் தப்பு பண்ணிட்டேம்மா என்று ஆரம்பித்ததிலிருந்து வந்துடு என்று முடித்தது வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. ஜான் பீவி அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம் அன்று அவளுக்கு உதவவில்லை.

கேசட் நின்றது. தாஜுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எந்தக் கண்ணாடி தெறந்திருந்துது?"

"முன்கதவுல சின்னதா ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்குல்ல, அது. உள்ள ஒரே வெக்க. வெரல் கடை தள்ளி வெச்சேன்."

"அப்ப நான் கூப்பிட்டது ஒனக்கு கேட்டுதா?"

"கேட்டுது."

"ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். திரும்பவே இல்லியே."

கமர் நிஷா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "திரும்பினா நீங்க நிறுத்திடுவீங்கத்தா."