பெரியம்மா கயாவில் விட்டது

காசிக்குப் போய்வந்தவர்கள் எங்கள் ஊரில் ஆப்பிள் சாப்பிட மாட்டார்கள். எழுமலைப் பக்கம் அந்தக் காலத்தில் ஆப்பிளைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு இருக்கும், அவ்வளவுதான். காசி யாத்திரை போகிறவர்கள் கயாவில் ஓர் ஆலமரத்தடியில் நின்று, தங்களுக்கு ரொம்பப் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று, இலை ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். விட்டதைச் சாகும்வரை தொடக் கூடாது. எங்கள் ஆட்கள் விவரமானவர்கள். ரொம்பப் பிடித்தது எது என்று சாமி வந்து விசாரிக்கவா போகிறது என்று ஆப்பிளை விட்டுவிட்டு, மாம்பழம் வருவதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் பெரியம்மாவும் பெரியப்பாவும் என்னைக் காசிக்குக் கூட்டிப்போனார்கள். பெரியம்மா என் அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. பெரியப்பா மதுரைப் பழங்காநத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சின்னப் பிள்ளைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று அந்தக் கடையில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். யார் வந்து கேட்டாலும் அது விற்பனைக்கு இல்லை என்பார். வீட்டில் அதை ஓட்டுவதற்குப் பிள்ளை இல்லை.

எனக்குத் தெரியாமல் பெரியவர்கள் ஒரு காரியம் பேசி முடித்திருந்தார்கள். காசியிலிருந்து திரும்பியதும் பழங்காநத்தத்தில் கொண்டுவந்த கங்கைத் தண்ணீர்ச் செம்புக்குப் பூஜை போடும்போது, உறவுக்காரர்கள் முன்னிலையில் என்னைப் பெரியம்மாவுக்குப் பிள்ளையாகக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள், நான் கடைசி. மழை பொய்த்துக் கிணறும் வறண்டு கிடந்தது. பிள்ளை பசுமலைப் பள்ளிக்கூடத்தில் படித்து ஆளாகட்டும் என்று அப்பா மனதைத் தேற்றிக்கொண்டார். அம்மாவுக்கு அக்கா கேட்டதை இல்லை என்று சொல்லத் தெரியாது. பிள்ளை முதலில் நம்மோடு பழகட்டும், அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியம்மா கேட்டுக்கொண்டதால் என்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது என் அக்காமார்தான், அதுவும் வேறு விதமாக. ரயிலில் போகப்போவது நான் மட்டும் என்ற வயிற்றெரிச்சலில் இருந்த பெரிய அக்கா, புறப்படுவதற்கு முந்தின நாள் என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போய், பெரியம்மாவுக்கு இந்த உலகத்தில் ரொம்பப் பிடித்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அப்ப ஒன்னையத்தான் அங்க விட்டுட்டு வரணும். ரொம்பப் பிடிச்சதத்தான் விடணும்னு சாமி கண்டிசன் போட்டுருக்கு."

சின்ன அக்கா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அம்மாவிடம் போய் நான் காசிக்கு வரவில்லை என்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அக்கா சொன்னது நிஜம்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மதுரையில் ஒரு டூர்காரர் ரயில் பெட்டி ஒன்றை மொத்தமாகப் பிடித்து, அதில் சமையல்காரர், அண்டா குண்டா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காசிக்குப் புறப்பட்டார். ரயில் ஏறியதிலிருந்து நான் பெரியம்மாவின் சேலை முந்தியைப் பிடித்தவள்தான், விடவில்லை. தூங்கும்போதும் கையில் சுற்றிக்கொண்டே தூங்கினேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். ஆள் எங்கே நழுவுகிறாள் என்று பார்ப்பதுதான் என் வேலை.

பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை எப்படி ஒட்டிக்கொண்டாள் பாருங்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். காலையில் ஜன்னலோரம் என்னை முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, நிதானமாகச் சிக்கெடுத்து இரட்டைச் சடை போட்டுவிடுவாள். ரயில் ஆட்டத்தில் வகிடு கோணினால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவாள். வீட்டில் அம்மாவுக்கு மூன்று தலைகளைப் பின்ன வேண்டும், அதனால் அவசரம் அவசரமாக இழுப்பாள், வலிக்கும். பெரியம்மாவின் கையில் வலித்ததே இல்லை. அந்த சுகத்தில் சில சமயம் பயத்தை மறந்து கண்ணை மூடியிருக்கிறேன்.

எதிர் சீட்டில் பழனியம்மாள் என்று ஓர் அம்மா வந்தார். உங்கள் மகளா என்று அவர் கேட்டபோது பெரியம்மா முகமெல்லாம் சிரிப்பாக, ஆமா, எங்க பிள்ளதான் என்றாள். நான் உடனே திருத்தினேன். இவர்கள் பெரியம்மா, எங்கள் அம்மா எழுமலையில் இருக்கிறார்கள் என்று பெட்டி முழுவதும் கேட்கும்படி சொன்னேன். என் கணக்கு சுத்தமானது. அவரவர் பொருளைத்தானே அவரவர் விட முடியும். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை விட்டுவரப் பெரியம்மாவுக்கு என்ன பாத்தியதை? ஆகவே அவள் யாரிடம் எங்கள் பிள்ளை என்று சொன்னாலும் நான் மறுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் பெரியம்மாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கும். பிறகு என் கையில் சேலை முந்தி இருப்பதைப் பார்த்துத் தேறிக்கொள்வாள்.

காசியில் கங்கையில் முங்கும்போதும் இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டேன். சந்து பொந்தெல்லாம் மாடு, மணிச்சத்தம், ஈரத் துணி. விட்டுவிட்டுப் போனால் திரும்பி வர வழியே தெரியாத ஊர் என்பதை முதல் நாளே புரிந்துகொண்டேன். அங்கே எதுவும் நடக்கவில்லை. அடுத்தது கயா.

கயாவுக்குப் போன அன்று காலையில் சமையல்காரர் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை வைத்தார். காசியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பரங்கிக்காயை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். கூட்டு, பொரியல், சாம்பார் என்று எதிலும் அதுதான்.

"அண்ணே, ஆத்தாமாரே, என்னத்த வேணாலும் விடுங்க. பரங்கிக்காய மட்டும் விட்டுறாதீங்க. மூட்டை அம்புட்டும் அப்படியே கெடக்கு."

இப்படி ஒரு வழி இருப்பது அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பல்குனி ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் கொதித்துக்கொண்டு கிடந்தது. நான் வளர்ந்த பிள்ளை என்றும் பாராமல் பெரியம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் இறக்கிவிடச் சம்மதிக்கவில்லை. பெரியப்பா தன் அப்பா அம்மாவுக்குப் பிண்டம் வைத்து முடித்ததும் எல்லோரும் ஆலமரத்தடிக்குப் போனோம். யாத்திரைக்காரர்களிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒரு பண்டா, அந்த ஊர்ப் புரோகிதர், ஒவ்வொருவராகக் கேட்டார். பரங்கிக்காய், பரங்கிக்காய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். தூரத்தில் சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பெரியப்பா மட்டும் தனியாகப் பாகற்காயை விட்டார். அவர் பிறந்ததிலிருந்து பாகற்காயை வாயில் வைத்தவர் இல்லை. பழத்துக்கு ஆப்பிள்.

பெரியம்மாவின் முறை வந்தது. வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்னைய இங்க விட்டுறாதீங்க பெரியம்மா. நான் எங்கம்மாகிட்டப் போகணும். எங்கம்மாகிட்டப் போகணும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாள். விக்கலும் அழுகையுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். தொழுவத்தில் அக்கா சொன்னது, ரயிலில் பயந்துகொண்டே வந்தது, நான் அவள் பிள்ளை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்ததன் காரணம், எதையும் பாக்கி வைக்கவில்லை. பெரியம்மா என் கையைப் பார்த்தாள். அதில் சேலை முந்தி கசங்கி நனைந்து கிடந்தது.

"இதுக்காகத்தான் புடிச்சிக்கிட்டே வந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அதே முந்தியால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அழாத தாயி. ஒன்னைய ஒங்கம்மாகிட்டயே கொண்டு போயிச் சேத்துருவேன். இந்த மரத்துமேல சத்தியம்."

எழுந்து மரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். கண்கள் மூடியிருந்தன. மற்றவர்களை விட அவள் வெகுநேரம் நின்றாள். என்ன காய், என்ன பழம் என்று பண்டா அவசரப்படுத்தினார். மனசுக்குள் சொல்லிவிட்டேன் சாமி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பக்கத்தில் இருந்த புத்த கயாவுக்குக் கூட்டிப்போனார்கள். மொட்டைத் தலையும் சிவப்புத் துணியுமாகச் சாமியார்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரசமரத்தைக் காட்டி, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்த ராஜா இந்த மரத்தடியில்தான் ஞானம் பெற்றார் என்றார் டூர்காரர். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு என்ன ஞானம் என்று பழனியம்மாள் அங்கேயே சண்டைக்குப் போய்விட்டார். நான் சேலை முந்தியை விட்டுவிட்டு உதிர்ந்த இலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தியம் செய்துவிட்டாளே, இனி என்ன பயம்?

"அவரு போயிட்டாரு, சரி. வீட்டுல இருந்தவ அதுக்கப்புறம் எப்படி இருந்தாளோ" என்றாள் பெரியம்மா.

மறுநாள் காலை ரயிலில் எண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாக அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். பெரியம்மா சீப்பை வாங்கிப் பழனியம்மாளிடம் கொடுத்து, பிள்ளைக்குச் சடை போட்டுவிடச் சொன்னாள். அவர் அம்மாவைப் போலவே இழுத்துப் பின்னினார்.

பழங்காநத்தத்தில் செம்புப் பூஜைக்கு எழுமலையிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா கையில் பெரிய மூட்டை ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் என் பாவாடை சட்டை எல்லாம் அதில் இருந்தன. அவற்றை எதற்கு இங்கே தூக்கி வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. பூஜை முடிந்ததும் பெரியம்மா என்னை அம்மாவிடம் போகச் சொன்னாள். கைநீட்டி வாங்குவதற்குப் பதில் அம்மா திகைத்து நின்றாள்.

"என்னக்கா, பேசுனபடி..."

"பேசுனது பேசுனதாவே போகட்டும். அவ ஒன்கிட்டயே இருக்கட்டும்டி."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். இத்தனை நாள் பார்க்காத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெரிய அக்காவிடம் ஓடி, பார்த்தாயா, என்னை விடவில்லை என்று உரக்கச் சொன்னேன். பெரியம்மா அப்போது எல்லோருக்கும் கங்கைத் தண்ணீரை உத்தரணிக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

அதற்கப்புறம் லீவுக்கெல்லாம் பழங்காநத்தம் போனேன். பெரியப்பா அந்த மூன்று சக்கர சைக்கிளைக் கழற்றி, வளர்ந்துவிட்ட எனக்கே கொடுத்தார். பெரியம்மா முறுக்கு சுட்டுத் தருவாள், ரிப்பன் வாங்கித் தருவாள். சடை மட்டும் பின்ன மாட்டாள். சீப்பை நீட்டினால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். கை வலிக்கும் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

உறவில் வேறொரு பேச்சு கிளம்பியது. கயாவுக்குப் போய்வந்தவள் கத்தரிக்காய் சாப்பிடுகிறாள், மாம்பழம் சாப்பிடுகிறாள், முருங்கைக் கீரை சாப்பிடுகிறாள், ஓசியில் கிடைத்த ஆப்பிளைக்கூட விடவில்லை, அப்படியென்றால் அவள் அங்கே என்னத்தைத்தான் விட்டாள் என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். பெரியம்மா கேட்டும் கேளாதவளாகப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். கூடவே சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

நான் கண்ணால் பார்த்தவள். பெரியம்மா கயாவில் எதையுமே விடவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சாட்சி சொன்னேன்.