ஒரு மணி சோளம்

எல்லோரும் அவரைத் ‘தூறல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அண்ணாந்து பார்த்து, “தூறல் போடுமோ?” என்று கேட்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? பயம் அவருக்குப் பசி மாதிரி, வேளை தவறாமல் வந்துவிடும்.

ஆனால் தானிய விற்பனை வாரியத்தின் தலைவர் தேர்தலன்று அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அவருடைய மக்காச்சோளம் மொத்தமும் வாரியத்தின் முற்றத்தில், திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. எந்தக் குவியல் எப்போது எடைமேடை ஏறும் என்பது தலைவர் வாயில் இருந்தது. போன வருடம் தலைவரை எதிர்த்துப் பேசிய ஒருவருடைய குவியல் பதினாறு நாள் காத்திருந்து, மழையில் நனைந்து, முளைவிட்டே போனது. அந்த ஆளை இப்போது இந்தப் பக்கமே காணோம்.

இந்த முறை தலைவரை எதிர்த்து நின்றவன் தூறலின் மனைவிக்குத் தம்பி. சோதனையைப் பாருங்கள்! காலையில் முற்றத்தில் குவியலைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டே மனைவி சொன்னாள்: “நாலு ஓட்டு வித்தியாசத்துலதான் முடியும்னு தம்பி சொல்றான். நீங்க பயந்து எதையாவது பண்ணி வைக்காதீங்க.”

“என் ஓட்டு அவனுக்குத்தான். போதுமா?” என்றார். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

கூடத்தில் எண்பத்தோரு விவசாயிகள். கை தூக்கியே ஓட்டுப் போடலாம் என்றார் தலைவர். தூறலுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயம்தான் அவரை எழுப்பி நிறுத்தியது.

“கை தூக்கச் சொன்னா எத்தனை பேருக்குங்க கை வரும்? எங்க சோளமெல்லாம் வெளியில கிடக்கு. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரியாம இருந்தாத்தான் மனசுல உள்ளதைப் போட முடியும்.”

 கூடம் படபடவென்று கை தட்டியது. மச்சினன் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். ஒரு மணி நேரம் காரசாரமாக விவாதம் நடந்து, கடைசியில் ரகசிய ஓட்டுத்தான் என்று முடிவானது. சீட்டு அச்சடிக்கவில்லையே என்றார் தலைவர். “சீட்டு எதுக்கு? ஆளுக்கு ஒரு மணி சோளம் போட்டா ஆச்சு” என்றார் யாரோ. ஈரம் பார்க்க மாதிரிக்கென்று கொண்டுவந்திருந்ததால் எல்லோர் சட்டைப்பையிலும் சோளம் இருந்தது. திரைக்குப் பின்னால் தலைவருக்கு ஒன்று, மச்சினனுக்கு ஒன்று என்று இரண்டு டப்பாக்கள் வைத்தார்கள்.

தூறலின் முறை வந்தது. திரையருகே நின்றிருந்த தலைவர், ஜன்னல் வழியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “மேகம் கட்டுதே. உங்க குவியல் வெளியிலதான இருக்கு?”

அவ்வளவுதான். அவர் திரைக்குப் பின்னால் போனார். முளைவிட்ட அந்தக் குவியல் கண்முன்னே வந்தது. மச்சினனுக்கு இந்த ஒரு ஓட்டா குறையப் போகிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையில் கைவிட்டு ஒரு மணியை எடுத்துத் தலைவரின் டப்பாவில் போட்டுவிட்டார். விரல்தான் அதைத் தொட்டது, கண் பார்க்கவில்லை.

டப்பாக்களை மேசைமேல் கவிழ்த்தார்கள். மச்சினனுக்கு நாற்பது. தலைவருக்கு நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றில் நாற்பது மஞ்சள், ஒன்று மட்டும் இரத்தச் சிவப்பு.

வறட்சி தாங்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, பயத்திலேயே சிவப்பு விதை வாங்கி விதைத்தவர் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். சோளத்தோடே பிறந்து வளர்ந்த எண்பத்தோரு பேரில் ஒருவருக்குக்கூட அதுவரை, மணியைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்பது தோன்றவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. 

தலைவர் எழுத்தரைக் கூப்பிட்டு என்னவோ சொல்லி அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் மனைவி மூச்சிரைக்கக் கூடத்தின் வாசலுக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னங்க, எடைமேடைக்கு நம்மளைத்தான் முதல்ல கூப்பிடறாங்க! தம்பி ஜெயிச்சுட்டானா?”

 மேசைப் பக்கம் நின்றிருந்த தம்பிதான் பதில் சொன்னான்.

“நான் இல்லக்கா. மாமாதான் ஜெயிச்சாரு.”

அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பு மாறாமலே கணவர் பக்கம் திரும்பினாள்.